குழைந்த களிமண்ணில் எந்தக் கழிவைக் கலப்பது? சாம்பல், கசடு, இடிபாடு, டயர்: ஒரு ஒப்பீடு

"இடம் முழுக்கக் களிமண், மழை பெய்தால் கால் புதைகிறது. பக்கத்து ஆலையில் சாம்பலைச் சும்மாவே தருகிறார்கள். கொட்டிக் கலந்து ரோலர் ஓட்டிவிட்டால் போதுமா?"

இந்தக் கேள்வி எனக்குப் பல உருவங்களில் வருகிறது. சாம்பலுக்குப் பதிலாகச் சிலர் இரும்பாலைக் கசடைச் சொல்வார்கள், சிலர் இடித்த கட்டடத்தின் செங்கல், கான்கிரீட் குவியலைச் சொல்வார்கள். கிழிந்த டயர், பிளாஸ்டிக் பாட்டில், முட்டை ஓடு வரைக்கும் கேட்டிருக்கிறேன். பெரும்பாலும் இரண்டு பொருளை மனதில் வைத்துக்கொண்டு, இதில் எது நல்லது என்று மட்டும்தான் கேட்பார்கள். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். உங்கள் மண்ணுக்கு என்ன கோளாறு? அந்தப் பொருளை உங்களுக்கு ஏன் சும்மா தருகிறார்கள்?

இரண்டாவது கேள்வியைப் பலரும் யோசிப்பதே இல்லை. நல்ல கழிவுக்கு எப்போதோ வாங்குபவர் வந்துவிட்டார். சீரான, நயமான நிலக்கரிச் சாம்பலைச் சிமெண்ட் ஆலைகள் எடுத்துக்கொள்கின்றன. அரைத்த ஊதுலைக் கசடு இன்று காசு கொடுத்து வாங்கும் சரக்கு. அப்படியிருக்க உங்கள் வாசலுக்கு இலவசமாக லாரி வருகிறது என்றால், வேறு யாரோ வேண்டாம் என்று தள்ளியதாகவும் இருக்கலாம். அதனாலேயே அது கெட்ட பொருள் ஆகிவிடாது. சிமெண்டுக்கு ஆகாத சாம்பல் மண்ணுக்கு நன்றாகவே வேலை செய்யலாம். ஆனால் ஏன் தள்ளினார்கள் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

## முதலில் மண்ணின் கோளாறு

ஒரு பிடி ஈரக் களிமண்ணை எடுத்துக் கையை மூடுங்கள். விரலிடுக்கில் பிதுங்கி வெளியே வந்தால் அது மிக மென்மையான களிமண். பக்கத்தடுப்பு இல்லாமல் நசுக்கினால் தாங்கும் வலிமை 25 கிலோபாஸ்கலுக்கும் குறைவு. பிதுங்காமல், லேசாக விரலால் அழுத்தினாலே உருவம் மாறினால் மென்மையான களிமண், 25 முதல் 50 வரை. சோதனைக்கூடத்துக்கு மாதிரி அனுப்புவதற்கு முன்பே இந்த அளவு உங்கள் கைக்குத் தெரிந்துவிடும்.

ஆனால் மென்மை என்பது ஒரே நோய் இல்லை. நான்கையாவது பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒன்று, வெறும் ஈரம் அதிகம். காய்ந்தால் அதே மண் நன்றாகத் தாங்கும். இரண்டு, குழைவு அதிகம், ஈரத்தோடு உப்பி வெயிலில் வெடித்துச் சுருங்கும். மான்ட்மோரில்லோனைட் என்ற கனிமம் நிறைந்த கரிய மண் இந்த வகை. அந்தக் கனிமத்தின் ஒரு கிராமில் ஏறக்குறைய 800 சதுர மீட்டர் பரப்பு ஒளிந்திருக்கிறது, அவ்வளவும் தண்ணீர் பிடிக்கும் இடம். கயோலினைட் என்றால் அதே ஒரு கிராமுக்கு 10 முதல் 20 சதுர மீட்டர்தான். மூன்று, மேலே ஓரளவு கெட்டி, கீழே ஆறேழு மீட்டருக்குச் சேறு. நான்கு, மண்ணில் மக்கிய தாவரப் பொருளோ சல்பேட்டோ கலந்திருப்பது.

முதல் இரண்டுக்கும் கழிவுகள் கைகொடுக்கும். மூன்றாவதற்கு மேலே எதைக் கலந்தாலும் தோலுக்கு மருந்து தடவுவது மாதிரிதான். நான்காவது இருந்தால், கலக்கிற பொருளே எதிரியாகிவிடும். அதைப் பின்னால் சொல்கிறேன்.

## எதை வைத்து எடை போடுவது

என் அளவுகோல்கள் இவை: மண்ணின் எந்தக் கோளாறை அந்தப் பொருள் சரிசெய்யும், எவ்வளவு போட வேண்டும், கூட வேறு என்ன வாங்க வேண்டும், இன்று வரும் லோடும் அடுத்த மாதம் வரும் லோடும் ஒரே மாதிரி இருக்குமா, நிலத்தடி நீருக்குள் என்ன இறங்கும், வேலை நடக்கும்போது மழை வந்தால் என்ன ஆகும்.

அளவு என்றதும் ஒரு கணக்கு. 1,000 சதுர மீட்டர் இடம், 300 மி.மீ. ஆழத்துக்குக் கலக்கிறீர்கள் என்று வையுங்கள். 300 கனமீட்டர் மண். உலர் அடர்த்தி கனமீட்டருக்கு ஒன்றரை டன் என்றால் 450 டன். இதில் 1 சதவீதம் என்பதே நாலரை டன். ஆய்வுக்கட்டுரையில் "15 சதவீதம் சேர்த்ததும் வலிமை கூடியது" என்று ஒரு வரியில் முடிந்துவிடும், களத்தில் அது அறுபத்தேழரை டன். ஒவ்வொரு பொருளையும் இந்த 450 டன்னை வைத்தே பார்க்கப் போகிறேன்.

இன்னொன்று. ஒப்பிடுவதற்கு ஒரு மட்டம் வேண்டும். அது கழிவே கலக்காத சாதாரணச் சுண்ணாம்பு. 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு பெரும்பாலான குழைவுக் களிமண்ணைத் திருத்திவிடும். களிமண்ணின் நுண்தகடுகளில் ஒட்டியிருக்கும் சோடியத்தைத் தள்ளிவிட்டுச் சுண்ணாம்பின் கால்சியம் வந்து உட்காரும், தகடுகள் ஒன்றோடொன்று கொத்துக்கொத்தாகச் சேரும். சில மணி நேரத்திலேயே பிசுபிசுத்த மண் பொலபொலவென்று உதிரும். அப்புறம் வாரக்கணக்கில் இன்னொரு வேலை நடக்கும்: காரத்தன்மை பி.ஹெச். 12.4 அருகே நிற்கும் வரை, களிமண்ணின் சிலிக்காவும் அலுமினாவும் கரைந்து கால்சியத்தோடு சேர்ந்து சிமெண்ட் போன்ற பசையாக இறுகும். சுண்ணாம்பின் குறை, சுண்ணாம்புக்கல்லைச் சுடும்போது வரும் புகை. எரிபொருளை விட்டுவிட்டாலும், ஒரு டன் சுட்ட சுண்ணாம்புக்குக் கல்லிலிருந்து மட்டுமே 0.78 டன் கார்பன் டை ஆக்சைடு போகிறது. கழிவைத் தேடுவதற்கு இது நியாயமான காரணம். ஆனால் எந்தக் கழிவும், எல்லாச் செலவும் சேர்த்த பிறகு, இந்த மட்டத்தைத் தாண்டினால்தான் தேர்வு.

## நிலக்கரிச் சாம்பல்

அதிகம் பேசப்படுவதும் அதிகம் குழப்பப்படுவதும் இதுதான். அனல்மின் நிலையத்துச் சாம்பல் என்று ஒரே பெயரில் சொன்னாலும் மூன்று வெவ்வேறு சரக்கு இருக்கிறது.

பழுப்பு நிலக்கரியும் அதற்கு அடுத்த தர நிலக்கரியும் எரிந்து வரும் சாம்பலில் சுண்ணாம்பு அதிகம். அமெரிக்கத் தரவரையறைப்படி கால்சியம் ஆக்சைடு 18 சதவீதத்துக்கு மேல் இருந்தால் 'சி' வகை. இது தண்ணீர் பட்டால் தானே இறுகும். களிமண்ணில் 10 முதல் 20 சதவீதம் போட்டால் தனியாகவே வேலை செய்யும். உயர்தர நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு குறைவு, இது 'எஃப்' வகை. சிலிக்கா நிறைய இருக்கும், ஆனால் தானாக இறுகாது. 3 முதல் 5 சதவீதம் சுண்ணாம்போ கொஞ்சம் சிமெண்டோ கூடச் சேர்த்தால்தான் உயிர் வரும். ரோமானியர்கள் எரிமலைச் சாம்பலோடு சுண்ணாம்பைக் கலந்து துறைமுகம் கட்டியதும் இதே சூத்திரம்தான்.

மூன்றாவது, தண்ணீரோடு குழாயில் அனுப்பிக் குளத்தில் தேக்கிய சாம்பல். சும்மா கிடைப்பது பெரும்பாலும் இதுதான். கரடுமுரடானது, ஈரமாக வரும், வேதிவேகம் குறைந்தது. இதை ஒரு மெல்லிய மணல் என்று நினைத்துக்கொண்டால் ஏமாற்றம் இருக்காது. பள்ளம் நிரப்பலாம், களிமண்ணின் குழைவைக் கொஞ்சம் நீர்க்கச் செய்யலாம். மின்நிலையத்தின் சிலோவிலிருந்து நேராக வரும் உலர்சாம்பலுக்குச் சொல்லும் பலனை இதனிடம் எதிர்பார்க்கக் கூடாது.

வாங்கும் முன் கேட்க வேண்டியது இரண்டு எண்: கால்சியம் ஆக்சைடு எத்தனை சதவீதம், எரியாத கரி எத்தனை சதவீதம். கரி அதிகமாக இருந்தால் அது தண்ணீரை உறிஞ்சிக்கொண்டு பசை உருவாவதைக் கெடுக்கும். இந்த எண்கள் ஒரே நிலையத்திலும் நிலக்கரி மாறும்போது மாறும். ஆறு மாதத்துக்கு முந்தைய சான்றிதழைக் காட்டினால் அதைத் தேதியோடு படியுங்கள்.

மறைந்திருக்கும் செலவு எங்கே? முதலில் நேரம். 'சி' வகைச் சாம்பல் தண்ணீர் பட்டதும் இறுக ஆரம்பித்துவிடும். கலந்து இரண்டு மணி நேரத்துக்குள் ரோலர் ஓட்டி முடிக்க வேண்டும். இடையில் டீசல் தீர்ந்தது, ஆள் சாப்பிடப் போனார் என்றால், பாதி இறுகிய பசையை உடைத்துக் கெட்டிக்கிறீர்கள், போன வலிமை திரும்பி வராது. அப்புறம் தூசு. காற்றடிக்கும் நாளில் உலர்சாம்பலைத் திறந்தவெளியில் கொட்டிப் பாருங்கள், அக்கம்பக்கம் முழுக்க உங்களிடம் வந்து நிற்கும். மூன்றாவது, கசிவு. நிலக்கரியில் இருக்கும் ஆர்செனிக், செலினியம், குரோமியம், போரான் எல்லாம் சாம்பலில் செறிந்து வரும். இவற்றில் சில, காரம் கூடிய நீரில் இன்னும் எளிதாக நகரும். குடிநீர்க் கிணறு பக்கத்தில் இருந்தாலோ நிலத்தடி நீர் மேலேயே நின்றாலோ கசிவுச் சோதனை செய்யாமல் இறங்க வேண்டாம். அந்தச் சோதனைக் கட்டணத்தையும் 'இலவச' சாம்பலின் விலையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

தொழில்நுட்பத்தில் ஒரு பொறியும் உண்டு. சாம்பல் மண்ணைவிட எடை குறைந்தது. அதனால் கலவையின் உச்ச உலர் அடர்த்தி குறையும், அதற்கு வேண்டிய தண்ணீர் கூடும். மேற்பார்வையாளர் பழைய மண்ணின் பிராக்டர் அடர்த்தியை (சோதனைக்கூடத்தில் மண்ணைக் கெட்டித்துக் கண்ட உச்ச உலர் அடர்த்தி) கையில் வைத்துக்கொண்டு "95 சதவீதம் வரவில்லை" என்று மறுபடி மறுபடி ரோலர் ஓட்டச் சொல்வார். கலவைக்குத் தனியாகப் பிராக்டர் சோதனை செய்திருந்தால் இந்தச் சண்டையே வராது.

நம்பகமான உலர்சாம்பல் பக்கத்திலேயே கிடைக்கிறது, பரப்பு பெரியது, மண் ஈரமும் குழைவும் உள்ளது என்றால் இதுவே என் முதல் தேர்வு. தூரத்திலிருந்து ஏழெட்டு லோடு சாம்பல், கூடவே ஒன்றிரண்டு லோடு சுண்ணாம்பு என்று கணக்குப் போனால், நேராகச் சுண்ணாம்பு மட்டுமே மலிவாக முடியக்கூடும். போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

## இரும்பாலைக் கசடு

இங்கே ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொண்டால் பாதி ஆபத்து போய்விடும்: தாதுவிலிருந்து இரும்பை உருக்கும்போது வரும் ஊதுலைக் கசடு வேறு, அந்த இரும்பை எஃகாக்கும்போது வரும் எஃகுக் கசடு வேறு.

ஊதுலையில் உருகி வரும் கசடைத் தண்ணீர் பீய்ச்சித் திடீரென்று குளிரவைத்தால் கண்ணாடி மணல் மாதிரி ஆகும். அதை நைசாக அரைத்துக் கொஞ்சம் சுண்ணாம்போடு சேர்த்தால் அருமையான பசை. மொத்தமாக 4 முதல் 8 சதவீதம் போதும், அதில் சுண்ணாம்பு சிறு பங்குதான். நம் 450 டன்னுக்கு 18 முதல் 36 டன். இதற்கென்று ஒரு தனிப் பலமும் உண்டு: மண்ணில் சல்பேட் இருந்தால், சுண்ணாம்பு மட்டும் போட்ட கலவையைவிடச் சுண்ணாம்பும் கசடும் சேர்ந்த கலவை மிகக் குறைவாகவே உப்பும். மெதுவாக இறுகும் என்பது குறையும் நிறையும். கலந்து கெட்டிக்க நேரம் தாராளமாகக் கிடைக்கும், ஆனால் ஏழாம் நாள் வலிமையைப் பார்த்து வாகனம் ஏற்ற நினைத்தால் ஏமாற்றும். குளிர் பருவத்தில் இன்னும் மெதுவாகும். அரைக்காத கசடை வாங்கிவந்து இதே பலனைத் தேடுவதில் அர்த்தமில்லை, அது வெறும் மணல். ஊதுலைக் கசடையே மெல்ல ஆறவிட்டிருந்தால் அது ஜல்லி, பசையாகாது.

எஃகுக் கசடு வேறு கதை. அதில் வினைபுரியாத சுண்ணாம்பும் மக்னீசியம் ஆக்சைடும் தங்கியிருக்கும். ஈரம் பட்டதும் அந்தச் சுண்ணாம்பு தன் கன அளவைப்போல் ஏறக்குறைய இரு மடங்காகும். மக்னீசியம் ஆக்சைடு அதே வேலையைப் பல வருடம் தள்ளிச் செய்யும். தரை போட்டு முடித்து வருடம் கழித்துத் தளம் பொங்கி வெடித்தால், அப்போது லாரிக்காரரின் எண் யாரிடமும் இருக்காது. மாதக்கணக்கில் ஈரத்தில் ஆறப்போட்டு, உப்பல் சோதனை முடித்த எஃகுக் கசடை மட்டும், அதுவும் திறந்த முற்றம், தற்காலிகப் பாதை போன்ற இடங்களில் பயன்படுத்தலாம். கட்டடத்தின் தரைக்கு அடியில் நான் போடமாட்டேன்.

## உமிச் சாம்பல்

ஒரு டன் நெல்லில் சுமார் 200 கிலோ உமி, அந்த உமியை எரித்தால் சுமார் 40 கிலோ சாம்பல். அதில் 85 முதல் 95 சதவீதம் சிலிக்கா. கேட்க அமோகமாக இருக்கிறது, ஆனால் எப்படி எரித்தார்கள் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. 500 முதல் 700 டிகிரிக்குள் எரிந்தால் சிலிக்கா உருவமற்ற நிலையில் இருக்கும், சுண்ணாம்போடு சுறுசுறுப்பாகச் சேரும். அதற்கு மேல் வெப்பம் ஏறினால் படிகமாக மாறிவிடும். அப்போது அது வினையும் புரியாது, சுவாசித்தால் நுரையீரலுக்கும் கேடு. நிறத்தைப் பார்த்தே ஓரளவு சொல்லலாம். கருகருவென்று இருந்தால் எரியாத கரி அதிகம். இளஞ்சிவப்பு ஏறிய வெள்ளையாக இருந்தால் வெப்பம் அதிகமாகியிருக்க வாய்ப்புண்டு. சாம்பல் நிறத்தை நம்பலாம், சோதனையோடு.

இதைத் தனியாகப் போட்டுப் பயனில்லை. 5 முதல் 12 சதவீதம் சாம்பலுக்கு 3 முதல் 6 சதவீதம் சுண்ணாம்பு வேண்டும். சரி, கணக்குப் போடுவோம். 8 சதவீதம் என்றால் 36 டன் சாம்பல். அதற்கு 900 டன் நெல்லின் உமி எரிந்திருக்க வேண்டும். எடையும் காற்று மாதிரி, ஒரு டன் சுமார் மூன்று கனமீட்டர் இடம் பிடிக்கும். அதனால் லாரி நிறைந்திருக்கும், எடை இருக்காது. வாடகை மட்டும் முழுசாக இருக்கும். அறுவடை முடிந்த பருவத்தில் குவியும், மற்ற மாதங்களில் தேட வேண்டும். அரிசி ஆலை கூப்பிடு தூரத்தில் இருந்து, வேலையும் சிறியதாக இருந்தால் நல்ல தேர்வு. பெரிய வேலைக்கு நடுவில் சரக்குத் தீர்ந்துபோகும்.

## இடிபாடும் கல் தூளும்

இவை மண்ணை மாற்றுவதில்லை, மண்ணின் இடத்தைப் பிடிக்கின்றன.

கல் உடைக்கும் ஆலையின் தூளையோ பளிங்குத் தூளையோ 20 முதல் 40 சதவீதம் கலந்தால் குழைவு குறையும், ஏனென்றால் களிமண்ணின் பங்கு குறைகிறது. அவ்வளவுதான். 30 சதவீதம் என்றால் 135 டன். ஆலை அடுத்த தெருவில் இருந்தால் சரி.

இடித்த கான்கிரீட்டும் செங்கலும் வேறு விதத்தில் உதவும். களிமண்ணோடு கலக்க வேண்டாம், மேலே ஒரு தளமாகப் போட வேண்டும். முதலில் ஜியோடெக்ஸ்டைல் துணி, அதன் மேல் 300 முதல் 500 மி.மீ. உடைத்த இடிபாடு. துணியை மிச்சம் பிடித்தால், முதல் மழையில் களிமண் மேலே ஏறிக் கற்களுக்கிடையே புகுந்துகொள்ளும், கற்கள் கீழே போகும். ஒரு பருவத்தில் தளம் காணாமல் போய்விடும். இன்னும் ஐந்தாறு லோடு கொட்டுவீர்கள், அதுவும் போகும். துணியின் விலை அந்த ஐந்தாறு லோடுக்குக் குறைவுதான்.

அடுத்த செலவு எடை. அரை மீட்டர் இடிபாடு ஒவ்வொரு சதுர மீட்டரிலும் ஏறக்குறைய ஒரு டன் சுமை. கீழே ஆழமான சேறு இருந்தால் அந்தச் சுமையே மெல்ல மெல்ல அமுக்கும். அப்புறம், குவியலில் என்னவெல்லாம் இருக்கிறது என்று கிளறிப் பார்க்க வேண்டும். மரத்துண்டு மக்கி வெற்றிடமாகும். ஜிப்சம் பலகை சல்பேட்டைக் கொண்டுவரும். பழைய கூரை ஓடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்தால் அந்த லோடை அப்படியே திருப்பி அனுப்புங்கள், உடைக்கவே கூடாது. வேலை நடக்கும் வரை கிரேனும் லாரியும் புதையாமல் நிற்க வேண்டும், அவ்வளவே தேவை என்றால் வேதிக்கலவை எதையும் யோசிக்காமல் இதைப் போடலாம். மழைக்காலத்திலும் செய்ய முடிகிற ஒரே வழி இது.

## டயர், பிளாஸ்டிக்

டயர்த் துண்டு களிமண்ணை வலுவாக்காது. களிமண்ணின் மேல் ஏறும் சுமையைக் குறைக்கும். கெட்டித்த டயர்த் துண்டின் எடை, மண் நிரவலின் எடையில் மூன்றில் ஒரு பங்குதான். மென்மையான களிமண்ணின் மேல் மேடு எழுப்ப வேண்டும், மண்ணால் எழுப்பினால் அடியில் சரியும் என்ற நிலையில் இது சாமர்த்தியமான தீர்வு. ஆனால் 1995-ல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் டயர்த் துண்டு நிரப்பிய இரண்டு சாலைமேடுகள் உள்ளுக்குள்ளேயே சூடேறிப் புகைந்து எரிந்தன. இரண்டுமே மிகத் தடிமனானவை. அதற்குப் பிறகு வந்த வழிகாட்டுதல் ஒரு அடுக்கை 3 மீட்டருக்கு மேல் விடுவதில்லை. துண்டில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, கூடக் கலந்த பொடி ரப்பர், காற்றும் நீரும் புகும் வழி என எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு உண்டு. மேலே போதுமான மண் போர்வை இல்லாவிட்டால் தளம் மெத்தை மாதிரி அமுங்கி எழும்.

பிளாஸ்டிக் பட்டைகளை 0.25 முதல் 1 சதவீதம் கலந்தால் மண் திடீரென்று உடையாமல் இழுபட்டு நிற்கும், வெடிப்பு குறையும். ஆனால் ஈரக் களிமண்ணில் பட்டைகள் சீராகக் கலக்காது, உருண்டு திரண்டுகொள்ளும். அரை சதவீதத்துக்கே நம் இடத்துக்கு 2.25 டன் வேண்டும். பாட்டிலுக்கு 25 கிராம் என்றால் 90,000 பாட்டில். யார் வெட்டுவது? காலப்போக்கில் நுண்துகளாகி மண்ணில் பரவும் கேள்வியும் இருக்கிறது. சோதனைக்கூடத்தில் அழகான முடிவு தரும், களத்தில் நான் பரிந்துரைக்காத பொருள்.

## தள்ளி வைக்க வேண்டியவை

முட்டை ஓடு கட்டுரைகளில் அடிக்கடி வருகிறது. ஓடு கால்சியம் கார்பனேட், சுண்ணாம்பு அல்ல. சூளையில் 800, 900 டிகிரியில் சுட்டால்தான் சுண்ணாம்பு ஆகும். சுடாமல் 6 சதவீதம் போட்டாலும் நம் 27 டன்னுக்கு, ஓட்டுக்கு 6 கிராம் வீதம், 45 லட்சம் முட்டை உடைக்க வேண்டும்.

ஜிப்சம் கழிவு விளையாட்டல்ல. சுண்ணாம்பு, களிமண்ணின் அலுமினா, ஜிப்சத்தின் சல்பேட், தண்ணீர் நான்கும் சேர்ந்தால் எட்ரிங்கைட் என்ற ஊசி ஊசியான படிகம் வளரும், தண்ணீரை உள்ளே இழுத்துத் தரையையே தூக்கும். லாஸ் வேகஸின் ஸ்டூவர்ட் அவென்யூவில் சுண்ணாம்பு கலந்த சாலை அடித்தளம் இப்படித்தான் பொங்கியது. அங்கே சல்பேட் வெளியிலிருந்து வரவில்லை, மண்ணிலேயே இருந்தது. 1986-ல் மண் பொறியியல் அறிஞர் ஜேம்ஸ் மிட்செல் அதை விவரித்து எழுதிய பிறகுதான் இந்த ஆபத்து பரவலாகத் தெரிந்தது. மண்ணில் கரையும் சல்பேட் 3,000 பி.பி.எம்.முக்குக் கீழே என்றால் கவலை குறைவு. 8,000-ஐத் தாண்டினால் சுண்ணாம்பு சார்ந்த எந்தக் கலவையையும் நிபுணர் இல்லாமல் தொடாதீர்கள். சிமெண்ட் சூளைத் தூசும் இதே காரணத்துக்காகச் சந்தேகத்துக்குரியது. சுண்ணாம்பு நிறைய இருக்கும், ஆனால் சல்பேட்டும் காரமும் லோடுக்கு லோடு மாறும்.

## ஒரே பார்வையில்

| கழிவு | அளவு | கூட வேண்டியது | மறைந்த செலவு | எங்கே முந்தும் |
|---|---|---|---|---|
| 'சி' வகைச் சாம்பல் | 10–20% | எதுவுமில்லை | 2 மணி நேரக் கெடு, தூசு, கசிவுச் சோதனை | ஈரமான, குழைவான பெரிய பரப்பு |
| 'எஃப்' வகைச் சாம்பல் | 10–20% | சுண்ணாம்பு 3–5% | அவையே. இரண்டு பொருள் ஏற்றுக்கூலி | ஆலை பக்கத்தில் இருக்கும்போது |
| அரைத்த ஊதுலைக் கசடு | மொத்தம் 4–8% | அதில் சிறு பங்கு சுண்ணாம்பு | விலை, மெதுவான இறுக்கம் | சல்பேட் உள்ள மண் |
| உமிச் சாம்பல் | 5–12% | சுண்ணாம்பு 3–6% | கன அளவு, பருவம், எரித்த விதம் | அரிசி ஆலை அருகே சிறு வேலை |
| கல் தூள் | 20–40% | எதுவுமில்லை | லாரி வாடகை | மிதமான குழைவு |
| இடிபாடு | 300–500 மி.மீ. தளம் | துணி | எடை, கலப்படம் | தற்காலிகத் தளம், மழைக்காலம் |
| டயர்த் துண்டு | அடுக்கு 3 மீட்டர் வரை | மண் போர்வை | தீ, கம்பி, அமுக்கம் | எடை குறைந்த மேடு |

ஆழமான சேறு இருக்கும் இடம் இந்த அட்டவணையில் இல்லை, காரணத்தோடுதான். மேலிருந்து கலக்கும் இயந்திரம் முக்கால் அடி, ஓரடி, மிஞ்சினால் ஒன்றரை அடி போகும். ஆழத்துக்குக் கலக்கத் தனி இயந்திரங்கள் உண்டு. 1970-களிலேயே ஸ்வீடனும் ஜப்பானும் சுண்ணாம்புத் தூண்களை மண்ணுக்குள் கலந்து இறக்கத் தொடங்கிவிட்டன. கசடு கலந்த பசையையும் அப்படி இறக்கலாம். ஆனால் அது ஒப்பந்ததாரரை வைத்து, வடிவமைத்துச் செய்யும் வேலை. காலம் இருந்தால் எதையும் கலக்காமலே ஒரு வழி உண்டு: நெருக்கமாக வடிகால் நாடாக்களை இறக்கி, மேலே மண்ணைக் குவித்து, தண்ணீர் பிழிந்து வெளியேறும் வரை காத்திருப்பது. தண்ணீர் போக வேண்டிய தூரம் பாதியானால் காத்திருக்கும் காலம் நான்கில் ஒரு பங்காகும். குவித்த மண்ணைப் பிறகு அள்ளி வேறு இடத்துக்குப் பயன்படுத்தலாம். வீட்டு அஸ்திவாரம் ஆழமான சேற்றின் மேல் வருகிறது என்றால், பைல் போடுவதா வேண்டாமா என்பதைக் கட்டமைப்புப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும், சாம்பல் லாரி அதற்குப் பதில் ஆகாது.

மக்கிய பொருள் அதிகமுள்ள மண்ணும் அட்டவணைக்கு வெளியேதான். அதிலுள்ள ஹியூமிக் அமிலம் கால்சியத்தை முதலில் தின்றுவிடும், பசைக்கு மிச்சம் இருக்காது. அந்த மேல்மண்ணை அள்ளி அப்புறப்படுத்துவதே மலிவு.

## முடிவெடுப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை

பட்டியலில் இரண்டு பொருள் மிஞ்சினால் இரண்டையும் உங்கள் மண்ணிலேயே கலந்து பாருங்கள், கட்டுரையில் வரும் மண் உங்கள் மண் இல்லை. மூன்று அளவுகளில் உருளைகள் செய்து, ஈரம் போகாமல் பிளாஸ்டிக் உறையில் சுற்றி 7, 28 நாட்கள் வையுங்கள். நசுக்கும் முன் பாதியைத் தண்ணீரில் ஊறவையுங்கள். காய்ந்த நிலையில் எல்லாமே வலுவாகத்தான் தெரியும். எதுவும் கலக்காத காய்ந்த களிமண் உருண்டையை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் விளிம்பிலிருந்து செதில் செதிலாக உதிர்ந்து சில நிமிடங்களில் குவியலாகும். நன்றாகப் பிடித்த கலவை மறுநாள் காலையிலும் அதே உருண்டையாக உட்கார்ந்திருக்கும்.

அப்புறம் களத்தில் பத்து மீட்டர் நீளத்துக்கு ஒரு முன்னோட்டப் பட்டை. சோதனைக்கூடத்தில் களிமண்ணைப் பொடியாக்கிக் கலக்கிறோம், களத்தில் அது கட்டிகட்டியாக இருக்கும். கலந்து முடித்த மண்ணிலிருந்து கோலிக்குண்டு அளவில் ஒரு கட்டியை எடுத்து இரண்டாக உடையுங்கள். சுண்ணாம்பு சேர்ந்த கலவை என்றால் உடைத்த முகத்தில் இரண்டு சொட்டு பினாப்தலீன் (காரம் பட்டால் நிறம் மாறும் திரவம்) விடுங்கள். சுண்ணாம்பு எட்டிய இடம் ரோஜா நிறமாகும். பல தடவை நான் பார்த்தது ஒரு மெல்லிய ரோஜா வளையமும் நடுவே நிறம் மாறாத கருப்புப் பொட்டும்தான். அந்தப் பொட்டு பழைய களிமண், மருந்து படவே இல்லை. அப்படித் தெரிந்தால் சாம்பலையோ கசடையோ மாற்றத் தேவையில்லை. ரோலரை நிறுத்திவிட்டு, கட்டிகள் சிறிதாகும் வரை ரோட்டவேட்டரை இன்னும் இரண்டு முறை ஓட்டச் சொல்லுங்கள்.